மண்ணில் இருந்தால் மட்டும் போதாது

2022இல் துருக்கி, பெய்லிகோவா என்ற இடத்தில் 69 கோடி டன்னுக்கும் அதிகமான அருமண் (மின்வாகன மோட்டார்க் காந்தங்களுக்கு வேண்டிய தனிமங்கள், ஆங்கிலத்தில் rare earths) வளம் இருப்பதாக அறிவித்தது. 2023 ஜனவரியில் சுவீடனின் அரசுச் சுரங்க நிறுவனமான எல்கேஏபி, கிருனாவில் 10 லட்சம் டன்னுக்கு மேல் அருமண் ஆக்சைடு கிடப்பதாகச் சொன்னது. அடுத்த மாதமே ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியம் வளம் கண்டறியப்பட்டதாக இந்தியாவில் செய்தி வந்தது. மூன்று நாடுகளிலும் தலைப்புச் செய்தியின் தொனி ஒன்றுதான்: இனி யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

இந்த மாதிரிச் செய்திகளைப் பல வருடங்களாகப் பின்தொடர்கிறேன். தலைப்புச் செய்தியோடு நிறுத்தாமல், அதற்குப் பிறகு என்ன ஆனது என்று தேடிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. துருக்கி சொன்ன எண் தாதுப்பாறையின் எடை. அதிலிருந்து கிடைக்கக்கூடிய ஆக்சைடு அதில் மிகச் சிறிய பங்கு. சுவீடன் நிறுவனமே முதல் சரக்கு சந்தைக்கு வர குறைந்தது 10 முதல் 15 ஆண்டுகள் ஆகும் என்று அன்றே சொல்லியிருந்தது. ரியாசி மதிப்பீடு ஆரம்பநிலை ஆய்வைச் சேர்ந்தது. ஏலம் விட்டபோது போதுமான நிறுவனங்கள் முன்வரவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் கேட்கிறவர்கள் மனதில் பதிவது ஒரு பெரிய எண் மட்டும்தான். அந்த எண்ணுக்கும், ஒரு மின்வாகன மோட்டாருக்குள் உட்காரும் காந்தத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை யாரும் விளக்குவதில்லை.

எனக்குச் சொல்ல இருப்பது அந்தத் தூரத்தைப் பற்றித்தான். நாடுகள் இன்று சீனாவை நம்பி மாட்டிக்கொண்டிருப்பது நிலத்துக்கு அடியில் ஏதோ குறைவதால் ஆனது என்று நான் நம்பவில்லை. தாதுவை உலோகமாக்கும் இடைப்பட்ட வேலையை, அந்த வேலை தெரிந்த மனிதர்களை, ஒவ்வொரு நாடும் தானாகவே கைவிட்டதால் வந்தது இது. சர்வதேச எரிசக்தி முகமை 2025இல் வெளியிட்ட அறிக்கையில் 20 முக்கியக் கனிமங்களை எடுத்துக்கொண்டு பார்த்திருக்கிறார்கள். அவற்றில் 19இல் சுத்திகரிப்பில் முதலிடம் சீனாவுக்கு. சராசரிப் பங்கு சுமார் 70 சதவீதம். சுரங்கங்களின் வரைபடம் இப்படி இல்லை. லித்தியம் தாதுவை அதிகம் தோண்டுவது ஆஸ்திரேலியா. கோபால்ட்டில் பாதிக்கு வெகு மேலே காங்கோ. நிக்கலில் இந்தோனேசியா. தோண்டுகிற இடம் எதுவாக இருந்தாலும், கப்பல் பெரும்பாலும் ஒரே திசையில் போகிறது.

ஏன் என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் வேதியியலுக்குள் போக வேண்டும். நான் இதைத் தவிர்க்க விரும்பவில்லை, ஏனென்றால் அரசியல் முழுக்க இந்த வேதியியலில்தான் ஒளிந்திருக்கிறது.

அருமண் தனிமங்கள் 17. லாந்தனம் முதல் லுட்டீசியம் வரையான 15, கூடவே ஸ்கேண்டியமும் இட்ரியமும். பூமியின் மேலோட்டில் இவை அப்படியொன்றும் குறைவாக இல்லை. சீரியம் ஏறக்குறைய செம்பின் அளவுக்கு இருக்கிறது. சிக்கல், இவை எப்போதும் கூட்டமாகவே கிடப்பது. ஒரே பாறைக்குள் பத்துப் பன்னிரண்டு தனிமங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கும். அவற்றின் வேதிக் குணங்கள் கிட்டத்தட்ட ஒன்றே. அயனிகளின் அளவில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் சராசரியாக ஓர் ஆங்ஸ்ட்ராமில் (மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு) நூறில் ஒரு பங்கைச் சுற்றித்தான் இருக்கும். இந்த மெல்லிய வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் தனியே எடுத்தாக வேண்டும்.

1911இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் சார்லஸ் ஜேம்ஸ் என்ற வேதியியலாளர் தூய தூலியத்தைப் பிரிக்க சுமார் 15,000 முறை கரைத்து மீண்டும் மீண்டும் படிகமாக்கினார். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, அணுகுண்டுத் திட்டத்தில் வேலைசெய்த ஃபிராங்க் ஸ்பெடிங் அயோவாவின் ஏம்ஸ் ஆய்வகத்தில், கரைசலைப் பிசின் நிரப்பிய குழாய் வழியே ஓடவிட்டுப் பிரிக்கும் அயனிப் பரிமாற்ற முறையைக் கொண்டுவந்தார். முதன்முறையாகத் தூய அருமண் உலோகங்கள் கிலோக் கணக்கில் கிடைத்தன. அதற்குப் பிறகு வந்தது கரைப்பான் பிரித்தெடுப்பு. இன்றுவரை தொழிற்சாலைகளை நடத்துவது அதுதான்.

கல்லூரி ஆய்வகத்தில் பிரிபுனலைக் குலுக்கியவர்களுக்கு இதன் அடிப்படை தெரியும். நீர்க்கரைசலும் எண்ணெய் போன்ற கரிமக் கரைப்பானும் ஒன்றோடொன்று சேராது. இரண்டையும் கலக்கிவிட்டு அமைதியாக விட்டால் இரண்டு அடுக்காகப் பிரியும். கரைசலில் உள்ள ஒரு தனிமம் மற்றதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கரிம அடுக்குக்குப் போகும். தொழிற்சாலையில் செய்வதும் இதையேதான். ஆனால் நியோடிமியம், பிரேசியோடிமியம் என்ற இரண்டு அருமண் தனிமங்களை ஒரு குலுக்கலில் பிரிக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் கிடைக்கும் இடைவெளி அவ்வளவு சிறியது. அதனால் கலக்கும் தொட்டி, படியவிடும் தொட்டி என்று நூற்றுக்கணக்கான நிலைகளை வரிசையாகக் கட்டுகிறார்கள். நீர் ஒரு திசையில் போகும், கரைப்பான் எதிர்த்திசையில் வரும். அமிலத்தன்மை, வெப்பம், ஓட்ட வேகம் எல்லாம் சேர்ந்து நிலைபெற வாரங்கள் ஆகும். கனமான தனிமங்கள் என்றால் மாதங்கள்கூட. நடுவில் ஒரு தொட்டியில் தவறு நடந்தால் அது வரிசை முழுக்கப் பரவி, தூய்மை கெட்ட பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். ஒரு சுரங்கத்தின் தாதுக் கலவை இன்னொன்றில் இருக்காது. சுரங்கம் மாறினால் கணக்கு முழுக்க மாறும்.

இந்தக் கணக்கை ஒழுங்குபடுத்தியவர் சீன வேதியியலாளர் சூ குவாங்சியான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி 1951இல் சீனா திரும்பியவர். கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் வயல்வேலைக்கு அனுப்பப்பட்டவர். பீக்கிங் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிவந்த பிறகு, 1970களில், பிரேசியோடிமியத்தையும் நியோடிமியத்தையும் பிரிக்கும் பணி அவரிடம் வந்தது. எத்தனை தொட்டி வேண்டும், எங்கே எவ்வளவு அமிலம் சேர்க்க வேண்டும் என்பதை ஒவ்வொரு ஆலையும் ஆண்டுக்கணக்கில் சோதித்துப் பார்க்காமல், காகிதத்திலேயே கணக்கிட்டுவிடும் கோட்பாட்டை அவர் உருவாக்கினார். பிறகு பயிற்சி வகுப்புகள் நடத்தி ஆலைப் பொறியாளர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி வரிதான். சீனாவின் இன்றைய பிடி பற்றி எழுதுகிறவர்கள் மானியம், மலிவான கூலி, சுற்றுச்சூழல் அலட்சியம் எல்லாவற்றையும் சொல்கிறார்கள்; எல்லாமே உண்மை. ஆனால் ஒரு பேராசிரியர் ஒரு தலைமுறைப் பொறியாளர்களை உட்காரவைத்துப் பாடம் எடுத்ததும் உண்மை. அவர் 2015இல் இறந்தார். 2008ஆம் ஆண்டுக்கான நாட்டின் மிக உயர்ந்த அறிவியல் விருது அவருக்குக் கிடைத்திருந்தது. சீனாவுக்கு வெளியே அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம்தான்.

இதே காலத்தில் மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

கலிஃபோர்னியாவின் மௌன்டன் பாஸ் சுரங்கம் 1949இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1960களில் வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது திரையின் சிவப்பு நிறத்துக்கு யூரோப்பியம் தேவைப்பட, அந்தச் சுரங்கத்துக்கு யோகம் அடித்தது. 1980கள் வரை உலகின் அருமண் தேவையில் பெரும்பங்கை அது ஒன்றே கொடுத்தது. பிரான்சின் லா ரொஷெல் நகரில் இருந்த ஆலை அதே பத்தாண்டில் உலகின் முன்னணிப் பிரித்தெடுப்பு ஆலைகளில் ஒன்று. பிறகு சீனச் சரக்கு மலிவாக வந்தது. மௌன்டன் பாஸில் கழிவுநீர்க் குழாய்கள் பலமுறை உடைந்து பாலைவனத்தில் கதிரியக்கம் கலந்த நீர் கசிந்தது. 1998இல் பிரித்தெடுப்பு நின்றது, 2002இல் சுரங்கமும் மூடியது. லா ரொஷெல் மெல்லச் சுருங்கியது.

காந்தத்தின் கதை இதைவிடக் கூர்மையானது. நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தத்தை 1980களின் தொடக்கத்தில் இருவர் தனித்தனியே கண்டுபிடித்தார்கள்: ஜப்பானில் சுமிட்டோமோ நிறுவனத்தின் மசாடோ சகாவா, அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஜான் க்ரோட். ஜெனரல் மோட்டார்ஸ் தன் காந்தப் பிரிவுக்கு மேக்னக்வெஞ்ச் என்று பெயர் வைத்து இண்டியானாவில் உற்பத்தி தொடங்கியது. 1995இல் அந்தப் பிரிவைச் சீன நிறுவனங்கள் பங்கேற்ற ஒரு முதலீட்டுக் குழுவுக்கு விற்றது. அமெரிக்க அரசும் ஒப்புதல் கொடுத்தது. சில ஆண்டுகளில் இண்டியானா ஆலைகள் மூடப்பட்டு, உற்பத்தி சீனாவுக்குப் போனது. அந்த முடிவை எடுத்தவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. காலாண்டுக் கணக்கில் அது நியாயமான விற்பனை. மலிவாகக் கிடைப்பதை நாமே ஏன் செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. ஒரு மின்வாகன மோட்டாருக்கு ஒன்றிரண்டு கிலோ காந்தம் போதும். காரின் விலையில் அது கண்ணுக்கே தெரியாத தொகை. அந்தச் சிறிய தொகைக்குப் பின்னால் முழு உற்பத்தி வரிசையும் நிற்கிறது என்பதை உணர முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

அப்படி ஒரு காந்தம் ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் உலகின் வலுவான காந்தம் சமாரியம்-கோபால்ட். 1978இல் ஜயரில், அதாவது இன்றைய காங்கோவில், ஷாபா மாகாணத்தில் கிளர்ச்சிப் படைகள் கோல்வேசி நகரைப் பிடித்தன. சுரங்கங்கள் நின்றன; கோபால்ட் விலை பல மடங்கு எகிறியது. கோபால்ட் இல்லாமல், இரும்பை வைத்தே வலுவான காந்தம் செய்ய முடியுமா என்ற கேள்வி உலக ஆய்வகங்களில் சூடுபிடித்தது அப்போதுதான். இரும்பு எங்கும் கிடைக்கிறது, நியோடிமியம் சமாரியத்தைவிட அதிகம் கிடைக்கிறது. இனி ஒரு நாட்டின் கலவரம் நம்மை முடக்காது என்று எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள். ஒரு பிடியிலிருந்து தப்பிக்கக் கண்டுபிடித்த பொருள்தான் அடுத்த பிடியாக வளர்ந்தது.

மாற்றுப்பொருள் கிடைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும். மாற்றுப்பொருள் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 1940இல் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்தபோது, கிரீன்லாந்தின் இவிக்டுட் சுரங்கத்தில் கிடைத்த கிரையோலைட் என்ற கனிமத்துக்காக அமெரிக்கா பதறியது. அலுமினியம் உருக்க அது தேவை, அலுமினியம் இல்லாமல் விமானம் இல்லை. இன்று கிரையோலைட்டைச் செயற்கையாகவே செய்கிறார்கள். 1987இல் அந்தச் சுரங்கமே மூடியது. அங்கே வேதியியல் சிக்கலை முழுக்கத் தீர்த்தது. ஆனால் பேட்டரியில் கோபால்ட்டும் நிக்கலும் வேண்டாம் என்று வந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட்டைப் பாருங்கள். 1990களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃபின் ஆய்வுக் குழுவில் பிறந்த யோசனை அது. இரும்பும் பாஸ்பேட்டும் எங்கும் உண்டு. இன்று அந்த மின்முனைப் பொருளைச் செய்வது கிட்டத்தட்ட முழுக்கச் சீன ஆலைகள்தான். தனிமத்தை மாற்றினார்கள், அதைச் செய்யும் கையை மாற்றவில்லை.

காலியத்தின் கதை வேறு வகை, அதனால் தனியாகச் சொல்கிறேன். காலியம் ஒரு விசித்திரமான உலோகம். 30 டிகிரிக்குக் கீழேயே உருகிவிடும், உள்ளங்கையில் வைத்தால் நீராகும். கைபேசியின் ரேடியோ சிப், வேகமாக மின்னேற்றும் சார்ஜர், எல்இடி விளக்கு, போர் விமானத்தின் ராடார் என எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் காலியத்துக்கென்று சுரங்கம் கிடையாது. பாக்சைட்டில் பத்து லட்சத்தில் 50 பங்கு என்ற அளவில் கலந்திருக்கும். பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுக்கும்போது, அந்தக் காரக் கரைசலில் காலியம் சேர்ந்துகொண்டே போகும். அதை வடித்தெடுக்கும் ஒரு பகுதியை ஆலையோடு சேர்த்துக் கட்டியிருந்தால் கிடைக்கும். இல்லாவிட்டால் கழிவோடு போகும். உலகம் ஆண்டுக்குச் சுமார் 7 கோடி டன் அலுமினியம் செய்கிறது, காலியமோ ஆயிரம் டன்கூட இல்லை. இந்தச் சில்லறைக்காக யார் தனிப்பகுதி கட்டுவார்கள்? சீன ஆலைகள் கட்டின. விலை விழுந்தது. ஜெர்மனி 2016இல் முதல்நிலைக் காலிய (மறுசுழற்சியில் அல்லாமல் கரைசலிலிருந்து புதிதாக எடுக்கும் காலியம்) உற்பத்தியை நிறுத்தியது. இப்போது உலகின் முதல்நிலைக் காலியத்தில் 98 சதவீதத்துக்குப் பக்கம் சீனாவிலிருந்து வருகிறது. பாக்சைட் வைத்திருக்கும் எந்த நாட்டுக்கும் காலியம் இருக்கிறது. அலுமினா ஆலை வைத்திருக்கும் எந்த நாடும் அதை எடுக்கலாம். எடுப்பதில்லை, அவ்வளவுதான். துத்தநாகத்தோடு வரும் ஜெர்மானியத்துக்கும் இதே நிலை. புதிய சுரங்கம் வேண்டும் என்று முழங்குகிறவர்கள் முதலில் தங்கள் நாட்டு உருக்காலைக் கழிவில் என்ன போகிறது என்று பார்க்கட்டும் என்பது என் எண்ணம்.

பிடி இருப்பது வேறு, அதை இறுக்குவது வேறு. இறுக்க முடியும் என்று உலகம் முதலில் கண்டது 2010 செப்டம்பரில். ஜப்பான் வசமுள்ள, சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவுகளுக்குப் பக்கத்தில் ஒரு சீன மீன்பிடிப் படகு ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்களோடு மோதியது. படகுத் தலைவர் கைதானார். சில நாட்களில் ஜப்பானுக்குப் போகவேண்டிய அருமண் சரக்கு சீனத் துறைமுகங்களில் நின்றுபோனது. அறிவிப்பு எதுவும் இல்லை, சரக்கு கிளம்பவில்லை. 2011இல் விலைகள் பல மடங்கு ஏறின. அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான் மூன்றும் உலக வர்த்தக அமைப்புக்குப் போய் 2014இல் ஜெயித்தன. சீனா ஏற்றுமதி ஒதுக்கீட்டை நீக்கியது. வழக்கில் ஜெயித்ததோடு வேலை முடிந்தது என்று பெரும்பாலோர் வீட்டுக்குப் போனார்கள்.

பிறகு சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தது. 2023 ஆகஸ்டிலிருந்து காலியமும் ஜெர்மானியமும். டிசம்பரில் கிராஃபைட். அதே மாதம் அருமண் பிரித்தெடுக்கும் தொழில்நுட்பத்தையே வெளியே விடத் தடை. 2024இல் ஆன்டிமனி. 2025 பிப்ரவரியில் டங்ஸ்டன், டெல்லூரியம், பிஸ்மத், மாலிப்டினம், இண்டியம். 2025 ஏப்ரல் 4இல் சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்கேண்டியம், இட்ரியம் என ஏழு அருமண் தனிமங்களும் அவற்றால் செய்த காந்தங்களும். முழுத்தடை என்று எதையும் பெரும்பாலும் சொல்லவில்லை. உரிமம் வேண்டும் என்றார்கள். யாருக்கு, எதற்கு, கடைசியில் எந்தப் பொருளுக்குள் போகிறது என்றெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். மே மாதத்தில் ஃபோர்டு தன் சிகாகோ ஆலையை ஒரு வாரம் நிறுத்தியது. ஜப்பானில் சுசுகி ஸ்விஃப்ட் உற்பத்தி நின்றது. உரிம விண்ணப்பத்தின் மூலம் ஒவ்வொரு நாட்டின் தொழிற்சாலைக்குள்ளும் எங்கே எந்தக் காந்தம் போகிறது என்ற விவரமும் அவர்கள் கைக்குப் போகிறது. சரக்கு நிற்பதைவிட இதுதான் எனக்குக் கவலை தருகிறது.

அழுக்கைப் பற்றிப் பேசாமல் மேலே போகக்கூடாது. அருமண் தாதுவோடு தோரியமும் யுரேனியமும் வரும். மலேசியாவின் புக்கிட் மேராவில், தகரச் சுரங்கக் கழிவிலிருந்து அருமண் எடுத்த ஆலை ஒன்று 1980களில் இயங்கியது. கதிரியக்கக் கழிவைச் சுற்றுவட்டார மக்கள் எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள், 1990களில் ஆலை மூடியது. கழிவை அகற்றும் வேலை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நீண்டது. சீனாவின் ஜியாங்சியில் மலைக்களிமண்ணுக்குள் அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றி டிஸ்ப்ரோசியத்தையும் டெர்பியத்தையும் வடித்தார்கள். மரம் போனது, ஆறு கெட்டது. அந்த அரசு அங்கே கட்டுப்பாடு விதித்ததும் அதே வேலை எல்லை தாண்டி மியான்மரின் கச்சின் மாநிலத்துக்குப் போனது. கேட்க அரசு என்று ஒன்று இல்லாத இடம். 2024 அக்டோபரில் கச்சின் விடுதலைப் படை அந்தச் சுரங்கப் பகுதியிலுள்ள பாங்வா நகரைப் பிடித்தபோது உலகச் சந்தையில் டிஸ்ப்ரோசியம் விலை பற்றிப் பேச்சு எழுந்தது. அங்கே தண்ணீர் குடிக்கிறவர்களைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. பணக்கார நாடுகள் சீனாவிடம் விட்டுக்கொடுத்ததில் இந்த அழுக்கும் ஒன்று. மலிவு விலையில் அதன் பங்கும் இருந்தது. இப்போது திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் அழுக்கையும் சேர்த்துத்தான். தன் மண்ணில் ஒரு பிரித்தெடுப்பு ஆலையை ஒழுங்காக, கழிவுக்குக் கணக்குச் சொல்லி நடத்த முடியாத நாடு, தனக்குப் பதில் இன்னொருவர் ஆறு கெடட்டும் என்று சொல்கிறது. இதில் நடுவழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தாது வைத்திருப்பவர்களும் சும்மா இல்லை. இந்தோனேசியா 2020 ஜனவரியில் பதப்படுத்தாத நிக்கல் தாதுவை வெளியே அனுப்பத் தடை போட்டது. வேண்டுமானால் இங்கே வந்து உருக்குங்கள் என்றது. வந்தார்கள், பெரும்பாலும் சீன நிறுவனங்கள், தங்கள் உலை, தங்கள் பொறியாளர்களோடு, நிலக்கரி மின்நிலையமும் சேர்த்து. உலக நிக்கலில் பாதிக்கு மேல் இன்று அந்த நாட்டிலிருந்து வருகிறது. ஆலை தன் மண்ணில் நிற்கிறது, வேலை கிடைக்கிறது; அது உண்மையான லாபம். அந்த உலையின் நுணுக்கம் இன்னும் யார் தலையில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. காங்கோ 2025 பிப்ரவரியில் கோபால்ட் ஏற்றுமதியையே நிறுத்திப் பார்த்தது, அக்டோபரில் ஒதுக்கீட்டு முறைக்கு மாறியது. விலை ஏறியது. ஆனால் சுத்திகரிப்பு ஆலைகள் இன்னும் வேறிடத்தில்.

இந்தியாவின் நிலை இந்த வரிசையில் எனக்கு அதிகம் உறுத்துவது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில், அருமண்ணும் தோரியமும் கலந்த மோனசைட் என்ற தாதுவைக் கண்டார். அந்த மணல் ஐரோப்பாவின் வாயு விளக்குகளுக்குத் தோரியம் கொடுத்தது. விடுதலைக்குப் பின் 1950இல் இந்திய அருமண் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1952இல் ஆலுவாவில் மோனசைட்டைப் பதப்படுத்தும் ஆலை ஓடத் தொடங்கியது. உலகில் அன்று இதைச் செய்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். தோரியம் இருப்பதால் மோனசைட் அணுசக்திச் சட்டத்துக்குள் வந்தது. தனியார் தொட முடியாது, அரசுக்கோ காந்தம் செய்ய அவசரம் இல்லை. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2025இல், சீன உரிமம் வருமா என்று வாகன நிறுவனங்கள் காத்திருந்தன. அந்த ஆண்டு நவம்பரில்தான் ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்யும் திறனை உருவாக்க 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மணல் இருந்தது, ஆலை இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். மணலிலிருந்து காந்தம்வரை ஒரே சங்கிலியாக இணைக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் போனது.

எண்ணம் வந்த பிறகும் ஏன் இது கஷ்டம்? விலை. எண்ணெய் வணிகத்தோடு பார்த்தால் அருமண் சந்தை மிகச் சிறியது. அதில் ஒரே ஒரு பெரிய ஆள் உற்பத்தியைக் கூட்டினால் விலை சரிந்து, புதிதாக வந்தவர் திவாலாவார். மௌன்டன் பாஸுக்கு அப்படித்தான் ஆனது. 2010 பதற்றத்தில் மாலிகார்ப் என்ற நிறுவனம் நூறு கோடி டாலருக்கு மேல் செலவுசெய்து அதைத் திரும்பத் திறந்தது. விலை விழுந்தது, 2015இல் திவால். 2017இல் வாங்கிய புதிய உரிமையாளர்கள் வெட்டியெடுத்த தாதுச்செறிவைப் பல ஆண்டுகள் சீனாவுக்கே அனுப்பிப் பிரித்தார்கள். 2025 ஜூலையில்தான் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 40 கோடி டாலர் போட்டு அந்தப் புதிய நிறுவனத்தின் மிகப் பெரிய பங்குதாரர் ஆனது. நியோடிமியம்-பிரேசியோடிமியத்துக்குக் கிலோ 110 டாலர் என்று பத்தாண்டுக்கு அடிவிலையும் உறுதி கொடுத்தது. சந்தை விலை அப்போது அதைவிட மிகக் கீழே. தடையற்ற சந்தையின் தலைநகரமே இப்படி ஒரு விலையை அரசுக் கையால் தாங்கிப் பிடிக்க வந்துவிட்டது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். தீயணைப்பு நிலையத்தை யாரும் லாபக் கணக்கில் நடத்துவதில்லை. இதையும் அந்தக் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

கையிருப்பு, மறுசுழற்சி, எண்ணிக்கை இலக்கு எல்லாம் வேண்டியவைதான். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சட்டமே இயற்றியிருக்கிறது: 2030க்குள் தேவையில் 10 சதவீதம் உள்நாட்டில் தோண்ட, 40 சதவீதம் பதப்படுத்த, 25 சதவீதம் மறுசுழற்சியில் எடுக்க, எந்த ஒரு வெளிநாட்டிடமிருந்தும் 65 சதவீதத்துக்கு மேல் வாங்காதிருக்க. காகிதத்தில் நன்றாக இருக்கிறது. அந்த 40 சதவீதத்தை நடத்த எத்தனை பிரித்தெடுப்புப் பொறியாளர்கள் தேவை, அவர்களை எந்தப் பல்கலைக்கழகம் தயார்செய்கிறது என்பதைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உண்மையில் பாடம் கற்ற நாடு ஜப்பான் ஒன்றுதான் என்பது என் கணிப்பு. 2010க்குப் பிறகு அவர்கள் வழக்கோடு நிற்கவில்லை. காந்தம் சூட்டைத் தாங்கச் சேர்க்கும் டிஸ்ப்ரோசியத்தைக் காந்தம் முழுக்கக் கலக்காமல், படிகத் துகள்களின் ஓரத்தில் மட்டும் ஊடுருவ விடும் முறையை வளர்த்தார்கள், தேவை குறைந்தது. 2016இல் ஹோண்டா, டைடோ ஸ்டீலோடு சேர்ந்து, டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற கன அருமண்ணே இல்லாத காந்தத்தை ஹைப்ரிட் காரில் வைத்தது. அரசு கையிருப்பு சேர்த்தது. 2011இல் அரசு நிறுவனமான ஜோக்மெக்கும் சோஜிட்சு வணிக நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் லைனாஸில் 25 கோடி டாலர் போட்டன. மேற்கு ஆஸ்திரேலியாவின் மௌன்ட் வெல்ட் சுரங்கத்துத் தாதுவை மலேசியாவின் குவாந்தானில் பிரிக்கும் நிறுவனம் அது. புக்கிட் மேராவை மறக்காத மக்கள் அங்கேயும் வீதிக்கு வந்தார்கள், அந்தக் கழிவுக் கேள்வி இன்றுவரை முழுதாகத் தீரவில்லை. விலை சரிந்த ஆண்டுகளில் லைனாஸ் கடனைக் கட்டவே தடுமாறியது. ஜப்பான் அப்போது கைவிடவில்லை. தவணையைத் தள்ளிப்போட்டது, வட்டியைக் குறைத்தது. சீனச் சரக்கை நம்பியிருந்த அளவு சுமார் 90 சதவீதத்திலிருந்து 60ஐச் சுற்றி இறங்கியது. இவ்வளவு செய்தும் 60. கன அருமண்ணில் அதைவிட வெகு அதிகம்.

2025 மே மாதத்தில் குவாந்தான் ஆலையிலிருந்து முதல் டிஸ்ப்ரோசியம் ஆக்சைடு வெளிவந்தது. அடுத்த மாதம் டெர்பியம். சீனாவுக்கு வெளியே வணிக அளவில் கன அருமண்ணைப் பிரிப்பது இந்தக் காலத்தில் அதுவே முதல் முறை. ஜப்பான் பணம் போட்ட நாளிலிருந்து 14 ஆண்டுகள். சீனா ஏப்ரலில் கட்டுப்படுத்திய ஏழில் இரண்டு. மற்ற ஐந்துக்கும் தொட்டி வரிசைகளைக் கட்ட வேண்டும், கரைசல் நிலைபெறும்வரை காத்திருக்க வேண்டும், அந்த ஐந்தில் சிலவற்றுக்கு வாங்குகிறவர்களே உலகம் முழுக்கச் சில நூறு பேர்தான் இருப்பார்கள் என்று தெரிந்தே கட்ட வேண்டும்.